கரண்ட் விழுந்த இடம்

அத்தியாயம் 17

"பச்சையா, மெரூனா? வாயத் தொறந்து சொல்லுய்யா. ஊமை மாதிரி நின்னுகினு கீற."

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ். இரண்டு தோளிலும் இரண்டு புடவையைப் போட்டுக்கொண்டு சகாயமேரி கண்ணாடி முன்னால் நிற்கிறாள். போன வருஷம் இதே மாசம் அறுபத்திரண்டு கிலோ இருந்தவள் இப்போது நாற்பத்தொன்று. ரவிக்கை தோளில் நிற்காமல் இறங்குகிறது என்று ஊக்கு குத்தியிருக்கிறாள். வாய் மட்டும் ஒரு கிராம்கூட இளைக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத்தான மேரி போறோம். எது கட்டினா இன்னா?" என்றார் ஜோசப்ராஜ்.

"நல்ல சேதியா இருந்தா போன்லயே சொல்லிருப்பாங்க. ஊட்டுக்காரரு, பொண்ணு எல்லாரையும் கூட்டிகினு வான்னு சொல்றாங்கன்னா இன்னா அர்த்தம்? கெட்ட சேதிய நல்ல புடவை கட்டிகினு கேட்டுக்கறேன். சொல்லு, பச்சையா மெரூனா?"

"மெரூன்."

"அப்போ பச்சைய கட்டறேன். உனக்கு எப்போ துணி பாக்கத் தெரிஞ்சிது?"

இந்தக் குடும்பத்தோடு வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிய வாரத்தில் சகாயமேரிக்குக் கர்ப்பப்பை வாயில் கட்டி என்று தெரிந்தது. திருமழிசை தாண்டி இருக்கிற கேன்சர் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சை என்று போர்டில் எழுதியிருக்கும், ஆனால் அங்கே வருகிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. "உனக்கு எத்தினி கரண்ட் முடிஞ்சிது?" என்றுதான் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். கரண்டோடு வாராவாரம் ஓர் ஊசி. அது முடிந்ததும் உள்ளே வைக்கிற கரண்ட் மூன்று. பிறகு மூன்று மாசம் காத்திருந்து, பெரிய ஸ்கேன் எடுத்தார்கள்.

போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள். "நோய் முழுசா போகலைங்க. செவ்வாய்க்கிழமை வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு டாக்டர் வரச்சொன்னாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த "முழுசா" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜோசப்ராஜ் ஐந்து நாள் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாதா கோயில் ஹாலில் இதே நோய்க்கு இலவசப் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஐந்து நிமிஷ வேலை. சகாயமேரி அந்தத் தெருக்களின் அன்பியத் தலைவி, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற குழுவுக்கு அவள்தான் மேஸ்திரி. வீடு வீடாகப் போய், வெட்கப்பட்டவர்களைத் திட்டி, பயந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து, நாற்பத்து மூன்று பொம்பளைகளை வரிசையில் நிறுத்தினாள். எல்லோருக்கும் டீ ஊற்றினாள். கடைசி ஆள் போனதும் அங்கே இருந்த நர்ஸ், "நீங்களும் வந்துருங்கக்கா" என்று கூப்பிட்டாள்.

"எனக்கு இன்னா கேடு? நாற்காலியெல்லாம் அடுக்கணும்மா" என்று சொல்லிவிட்டு சகாயமேரி நாற்காலி அடுக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே பார்த்திருந்தால் ஆரம்பத்திலேயே சரி செய்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னபோது, ஜோசப்ராஜுக்கு அந்த நாற்காலிகளை எல்லாம் உடைத்துப் போட வேண்டும் போல இருந்தது.

கால் டாக்ஸி வந்தது. மேரியைப் பின்சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பருத்திப்பட்டு வரைக்கும் வண்டி ஓடியது. குமணன்சாவடி ஜங்ஷனில் வந்து மாட்டிக்கொண்டது. முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டும் போட்டி போட்டு ஹார்ன் அடிக்கின்றன.

"ஹெலினா ஊடு இந்தத் தெருவுலதான்," என்றாள் மேரி, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி. "திரும்பி வரச்சொல்ல ஒரு எட்டு பாத்துட்டு வரலாமாய்யா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா வேணாம்னு அர்த்தம். அஞ்சு மாசமா அவ நம்ம ஊட்டு வாசப்படி மிதிக்கல. உன் வாயிக்கு பயந்துகினு."

மேரியின் தங்கை ஹெலினாவை ஜோசப்ராஜ் அப்படித் திட்டியது தப்புதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை அவரால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஏழு கரண்ட் முடிந்திருந்த ஞாயிறு அது. கரண்ட் சரியான இடத்தில் விழுவதற்காக அடிவயிற்றில் நடுவே ஒன்றும், இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று சிலுவைக் கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள். "இந்தக் கோடு அழியக்கூடாது, அழிஞ்சா என்கிட்ட சொல்லணும், நீங்களா எதுவும் பண்ணக்கூடாது" என்று முதல் நாளே டெக்னீஷியன் கோகுல்நாத் மூன்று தடவை சொன்னார். மத்தியானம் ஹெலினா வந்தாள். வேளாங்கண்ணியிலிருந்து வாங்கி வந்த மாதா எண்ணெயைக் கையில் ஊற்றி, அக்கா வயிற்றில் தேய்த்துத் தேய்த்து ஒரு ஜெபமாலை முழுக்கச் சொன்னாள். அம்பத்து மூன்று மங்கள வார்த்தை ஜெபமும் முடிந்தபோது நடுக்கோடு போயே போய்விட்டது. வலது பக்கம் பாதி போய்விட்டது. இடது பக்கம் மட்டும் மாதா புண்ணியத்தில் தப்பியது.

ஜோசப்ராஜ் அலறினார். ஹெலினா அழுதுகொண்டே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் வெள்ளானூரிலிருந்து வந்த ஒருவர் கோடுகளையெல்லாம் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்தார். மறுபடி ஸ்கேன் எடுத்துத்தான் கோடு போட வேண்டும் என்று எட்டு நாள் தள்ளி வரச் சொன்னார்கள். நடுவில் நாள் விடக்கூடாது, விட்டால் நோய் மறுபடி தலை தூக்கும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஜோசப்ராஜ் ஒரு முடிவுக்கு வந்தார். முப்பத்து மூன்று வருஷமாக ஃபாக்டரியில் அவர் மார்க்கிங் ஃபிட்டர். எங்கே வெட்டணும், எங்கே துளை போடணும் என்று இரும்பு பிளேட்டில் கோடு போட்டுக் கொடுப்பதுதான் வேலை. அவர் போட்ட கோட்டை இன்ஸ்பெக்டர் திரும்ப அளந்து பார்த்ததில்லை.

"படுடி," என்றார்.

ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், ரசமட்டம், மார்க்கெட்டில் வாங்கிய அழியாத பேனா. மிச்சமிருந்த இடது கோட்டை ஆதாரமாக வைத்து, மட்டம் பார்த்து, அளவெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் போட்டார்.

"கூச்சமா கீதுய்யா."

"ஆடாதடி."

"ஃபாக்டரி பிளேட்டுகூட உன்கிட்ட இவ்ளோ பாடு பட்டிருக்காது," என்று மேரி சிரித்தாள். அந்த நோயில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

எல்லோரிடமும் ஆஸ்பத்திரியில் கோடு போட்டுவிட்டார்கள் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். இருபதாவது கரண்ட் அன்று, ஃபாக்டரியில் ஒரு பிளேட்டைத் தூக்கி மேஜையில் வைக்கும்போதுதான் ஜோசப்ராஜுக்கு உறைத்தது. வளைந்து கிடக்கிற தகட்டில் கோடு போட்டு, பிறகு தகட்டை நிமிர்த்தினால் கோடு நகரும். இது சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட பாடம். ஆஸ்பத்திரியில் மேரி படுப்பது பலகை மாதிரி கெட்டியான மேஜையில். அவர் கோடு போட்டது மெத்தையில் குழிந்து படுத்திருந்தவள் வயிற்றில். தரையில் படுக்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, எலும்பு குத்துகிறது என்பாள்.

அரை அங்குலம் தள்ளியிருக்கும். முக்கால்கூட இருக்கலாம். இரும்பில் தப்பினால் பிளேட்டைத் தூக்கிப்போட்டு வேறு எடுக்கலாம். அன்றிலிருந்து இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்வீட்லின் காத்திருந்தாள். அம்பத்தூரில் கட்டிக் கொடுத்த ஒரே மகள், முப்பத்தொரு வயசு, பள்ளிக்கூட டீச்சர். பாதி நாள் லீவு போட்டு பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"பச்சைப் புடவைல ஜம்முனு கீறியே மம்மி."

"உங்கப்பன் மெரூன கட்டச் சொன்னான். நல்லவேளை கேக்கல."

நர்ஸ் வந்து மேரியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். "ரொம்ப சோர்ந்து இருக்காங்க, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடறோம். நீங்க ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க. பத்தரைக்கு டாக்டர் கூப்பிடுவாங்க" என்றாள்.

கேன்டீனில் கூட்டம் இல்லை. ஸ்வீட்லின் இரண்டு டீ வாங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஜோசப்ராஜ் டீயைத் தொடவில்லை.

"ஸ்வீட்டி, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக்கூடாது."

"சொல்லுப்பா."

"அன்னிக்கு அம்மா வயித்துல கோடு அழிஞ்சிதே. ஆஸ்பத்திரில மறுபடி போட்டாங்கன்னு சொன்னன் இல்ல?"

"ஆமா."

"அவங்க போடல. நான்தான் போட்டேன்."

ஸ்வீட்லினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டம்ளரை டக்கென்று கீழே வைத்தாள். டீ மேஜையில் சிந்தியது.

"இன்னாப்பா சொல்ற? நீ போட்டியா?"

"எட்டு நாள் தள்ளிப் போச்சின்னா..."

"அது இன்னா உன் ஃபாக்டரி பிளேட்டாப்பா? எங்கம்மா வயிறு! கோடு போட நீ யாரு? டாக்டரா நீ?" பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. "பாவம், ஹெலினா சித்திய போட்டு அந்தத் திட்டு திட்டின. நீ பண்ணத யாரு திட்டறது?"

"நீ திட்டு. அதுக்குதான் சொல்றேன்."

மெத்தை விஷயத்தைச் சொன்னார். அரை அங்குலக் கணக்கைச் சொன்னார். அவள் சிந்திய டீயை விரலால் இழுத்துக்கொண்டே கேட்டாள். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"அப்போ கரண்ட் கட்டி மேல முழுசா விழல."

"ஆமா."

"அதனாலதான் முழுசா போகலையா?"

"வேற இன்னா?"

"அப்பா," என்று அவர் கையைப் பிடித்தாள். "அப்போ மறுபடியும் சரியான எடத்துல கரண்ட் வச்சா போயிடும்ல?"

ஐந்து நாளாக அவர் தனக்குத்தானேகூடச் சத்தமாகச் சொல்லிக்கொள்ளாத வார்த்தை அது. வியாழக்கிழமை போன் வந்ததிலிருந்து அவர் செய்த தப்புதான் அவருக்கு இருக்கிற ஒரே பிடி. கோடு தப்பாக இருந்தால் கரண்ட் தப்பாக விழுந்திருக்கும். தப்பாக விழுந்திருந்தால் சரியாகத் திரும்ப வைக்கலாம். என் தப்பு தப்பாகவே இருக்கட்டும் தாயே என்று அவர் ஐந்து நாளாக மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். இப்படி ஒரு வேண்டுதலை மாதா இதுவரைக்கும் கேட்டிருக்கவே மாட்டாள்.

"போயிடும்னுதான் நெனைக்கறேன்," என்றார். "டாக்டரம்மா கால்ல வுழுந்தாவது கேக்கறேன். ஜெயில்ல போட்டாலும் பரவால்ல."

"ஜெயில்ல எதுக்குப்பா போடப் போறாங்க? எழுந்திரு. நானும் சொல்றேன்."

படியேறும்போது ஸ்வீட்லின் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். ஜோசப்ராஜும் தன் முட்டி வலியை மறந்து பின்னால் ஏறினார். அப்பனும் மகளும் அந்த ஆஸ்பத்திரிக்குள் சந்தோஷமாக நடந்தது அந்த ஒரு நாள்தான்.

டாக்டர் ரேணுகா இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைத் திருப்பப் போனவரை ஜோசப்ராஜ் தடுத்தார்.

"மேடம், நீங்க பேசறதுக்கு முன்னாடி நான் பேசிடறேன். தப்பு என் மேல."

உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டினார். எண்ணெய், ரசமட்டம், அழியாத பேனா, மெத்தை. நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அரை இஞ்ச் தள்ளிப்போச்சு மேடம். அதான் முழுசா போகல. மறுபடியும் மொதல்லேர்ந்து கரண்ட் வையுங்க. இந்தவாட்டி ஒரு எறும்புகூட அந்தக் கோட்டுகிட்ட வராம நான் பாத்துக்கறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தார்கள். அவர் போனை எடுத்து, "கோகுலைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றார்.

கோகுல்நாத் வந்தார். இவர்களைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார்.

"கோகுல், சகாயமேரி அம்மாவோட எட்டாவது நாள் நோட்டை இவருக்குச் சொல்லுங்க."

"அதுங்களா சார்?" கோகுல்நாத் லேசாகச் சிரித்தார். "வாராவாரம் திங்கக்கிழமை கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடி நாங்க படம் எடுத்து இடம் சரியான்னு பாப்போம். அன்னிக்கு பாத்தா மை கலரே வேற. நம்ம பேனா இல்ல. திக்குனு ஆயிடுச்சு. படம் எடுத்துப் பாத்தா மூணு மில்லிமீட்டர்தான் தள்ளியிருந்துது. இடதுபக்கம் எங்க கோடு முழுசா இருந்துதுல்ல, அதை வச்சு சரி பண்ணிட்டு, மேல நம்ம பேனால போட்டுட்டேன். மேடம் பாத்துட்டு சரின்னு சொன்னப்புறம்தான் கரண்ட் வச்சோம்."

மூன்று மில்லிமீட்டர். ஃபிட்டர் பாஷையில் ஒரு நூல், அரை அங்குலத்தில் கால்வாசி. அவ்வளவுதான் தள்ளியிருக்கிறது. அதையும் அன்றைக்கே நகர்த்திவிட்டார்கள்.

"யாரு போட்டதுன்னு அம்மாவைக் கேட்டேன். 'எங்க ஊட்டுக்காரரு போட்டாரு, அவரு பெருமையா கீறாரு, நீ ஒண்ணும் கேக்காத, நானே பாத்து சொல்லிக்கறேன்'னாங்க," என்றார் கோகுல்நாத். சொல்லிவிட்டு, அறையில் இருந்த முகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அந்தக் கோடு ரொம்ப நேரா இருந்துது சார்."

அவர் போனதும் கதவு மூடுகிற வரைக்கும் டாக்டர் காத்திருந்தார்.

"அய்யா, நீங்க செஞ்சது பெரிய தப்பு. ஆனா அந்தத் தப்பால எதுவும் ஆகல. இருபத்தைந்து நாளும் கரண்ட் சரியான இடத்துலதான் விழுந்துது. இங்க பாருங்க." ஸ்கேன் படத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். "கட்டி இருந்த இடம் இது. இப்போ ஒண்ணுமே இல்ல. சுத்தமா போயிடுச்சு."

"போயிடுச்சா?" என்றாள் ஸ்வீட்லின்.

"அங்க போயிடுச்சும்மா." டாக்டர் விரலை மேலே நகர்த்தினார். "ஆனா ஈரல்ல வந்திருக்கு. ரெண்டு நுரையீரல்லயும் வந்திருக்கு. நாம கரண்ட் வைக்கறதுக்கு முன்னாடியே கண்ணுக்குத் தெரியாம போய் உட்கார்ந்திருக்கணும்."

படத்தில் சின்னச் சின்னதாகப் புள்ளிகள் மின்னின. ஜோசப்ராஜ் எண்ணப் பார்த்தார், முடியவில்லை.

"அப்போ அங்கயும் கோடு போட்டு கரண்ட் வையுங்க மேடம்," என்றார். குரல் கெஞ்சியது. "நான் வேணும்னா ஃபாக்டரில லீவு போட்டுடறேன். தெனம் கூட்டிகினு வரேன்."

"எங்கன்னு கோடு போடறது, அய்யா?"

ஜோசப்ராஜ் நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். ஐந்து நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த தப்பு கையைவிட்டுப் போய்விட்டது. திரும்பச் செய்வதற்கு அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. நான்தான் காரணம் என்று நினைத்து இத்தனை மாசம் தூங்காமல் கிடந்தவருக்கு, நான் காரணம் இல்லை என்று தெரிந்தபோதுதான் நெஞ்சு வெடித்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஸ்வீட்லின்தான் மிச்சத்தைக் கேட்டாள். "எவ்ளோ நாள் மேடம்?"

"மாசக் கணக்குலதான் பேச முடியும்மா. மருந்து ஏத்தலாம். ஏத்தினா கொஞ்ச வாரம் கூடலாம், ஆனா அந்த வாரங்கள்ல பாதி அவங்க வாந்தியோட படுத்திருப்பாங்க. இல்லன்னா வலி தெரியாம வீட்லயே பாத்துக்கலாம், எங்க நர்ஸ் வந்து போவாங்க. எதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க." பிறகு ஒரு சீட்டை எழுதி ஸ்வீட்லினிடம் நீட்டினார். "இது உங்களுக்கு. முப்பது வயசு தாண்டியாச்சுல்ல? இன்னிக்கே கீழ பரிசோதனை பண்ணிக்கலாம். அஞ்சு நிமிஷம்தான்."

"இன்னிக்கு வேணாம் மேடம். அம்மாவைக் கூட்டிகினு போகணும்," என்று சொல்லி, ஸ்வீட்லின் சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

வெளியே வந்தபோது வராந்தா நாற்காலியில் மேரி உட்கார்ந்திருந்தாள். குளுக்கோஸ் முடிந்து கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. புருஷன் கண்ணைப் பார்த்தாள், மகள் கண்ணைப் பார்த்தாள்.

"இன்னா, ரெண்டு பேரும் மொளகாப்பொடி கொட்டிகினீங்களா?"

ஜோசப்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். "மேரி, கோட்டைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"எந்தக் கோடு?"

"நான் போட்டது. அதான் தப்பா போட்டுட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன். அதனாலதான் உனக்கு முழுசா போகலன்னு."

மேரி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "அத்த மறுநாளே அந்தப் புள்ளை சரி பண்ணிட்டானேய்யா. இத்தினி மாசமா அதையா மனசுல போட்டுகினு இருந்த?"

"நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சி தொங்கிப் போயிடும்னு சொல்லல. அன்னிக்கு கோடு போட்டுட்டு எவ்ளோ பெருமையா நின்ன தெரியுமா? அத்த கெடுப்பானேன்னு வுட்டேன்." அவர் தோளில் கையை வைத்தாள். "சனியன், கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேன். ராத்திரி பூரா பொரண்டுகினு கெடந்தியே, அதுக்கா? முட்டி வலின்னு இல்ல நான் நெனச்சேன்."

"சரியாத்தான் விழுந்துதாம் மேரி. எல்லா கரண்டும்."

"அதான் சொல்றேனே..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. எதிரே ஒரு தள்ளுநாற்காலி போனது, அது திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் எல்லாம் சரியாத்தான் விழுந்துதா?"

"ம்."

"அப்போ அவ்ளோதானா?"

ஸ்வீட்லின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேரி அழவில்லை. பிறகு கையில் இருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது.

"எத்தினி நாளுன்னு கேட்டியா?"

"மாசக் கணக்குன்னாங்க."

"எத்தினி மாசம்?"

"அது சொல்லல."

"நீயும் கேக்கல."

"கேக்கல மேரி."

"மருந்து, கிருந்து?"

"இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள நாங்க யோசிச்சி சொல்லணுமாம்."

"நீங்க யோசிக்கணுமா? ஒடம்பு யாருது?" நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். தாங்கிப் பிடிக்க வந்த மகளைக் கையாலேயே நிறுத்தினாள். புடவைக் கொசுவத்தைச் சரி செய்தாள். "குந்துங்க ரெண்டு பேரும். நான் போயி கேட்டுகினு வரேன்."

"நானும் வரேன் மேரி."

"வேணாம்யா. நீ வந்தா அழுவ. நீ அழுதா நான் கேக்க வந்தத மறந்துடுவேன்."

சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். டாக்டர் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

இருபத்தைந்து நாளும் கரண்ட் அறைக்குள் அவள் இப்படித்தான் தனியாகப் போனாள். அப்போதெல்லாம் பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, "பசிக்குதுய்யா, இன்னா வாங்கித் தர்ற?" என்பாள். வருவாள் என்று தெரிந்ததால் அந்தப் பத்து நிமிஷமும் ஜோசப்ராஜ் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

இன்றைக்கு இருபது நிமிஷம் ஆனது. அரை மணி ஆனது. அடுத்த டோக்கன்காரர் எழுந்து வந்து, "உள்ள யாருங்க இவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

"என் சம்சாரம்," என்றார் ஜோசப்ராஜ்.

கதவு இன்னும் திறக்கவில்லை.